அண்ணன் கொடுத்த ரத்தம்

தலைமுடியைவிடச் சற்றே தடித்த கண்ணாடி இழையின் நுனியில் தங்கத்தைப் படியவைப்பது அவள் வேலை. கேட்பவர்கள் நகைப் பட்டறை என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். இழையின் பிளாஸ்டிக் உறையை உரித்து, நுனியைச் சீராக வெட்டி, கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களை ஒட்டவைப்பாள். அதன்மேல், ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பூச்சு. கணையத்தில் புற்று தொடங்கினால் ரத்தத்தில் கூடுகிற புரதம் அது. அது வந்து ஒட்டினால், இழைக்குள் போய்த் திரும்பும் ஒளியின் நிறம் இம்மியளவு மாறும். திரையில் கோட்டின் முகடு வலப்பக்கம் நகரும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் தேவைப்பட்டது. ஆள் குறைந்தபோது அண்ணனைக் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"நோயில்லாத ஆளுன்னா என்னைத்தான் கூப்பிடணும். டாக்டர் மூஞ்சியப் பாத்தே பல வருஷம் ஆச்சு," என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வந்தான். ஊசி குத்தும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் ரத்தத்தில் தோய்த்த இழையின் முகடு நகர்ந்தது. தங்கம் ஒரே சீராகப் படியாவிட்டால் அப்படி ஆவதுண்டு. அவள் புது இழை எடுத்தாள். பிறகு வேறொரு நாள் செய்துவைத்திருந்த இழையை எடுத்தாள். எல்லாம் ஒன்றையே சொன்னது.

ஆய்வுக்குழுத் தலைவி மூன்று இழைகளின் கோடுகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

"இதை ரிசல்ட்டுன்னு சொல்ல நமக்கு உரிமை இல்லம்மா. இன்னும் நிரூபிக்காத கருவி. தங்கச்சியா நீ அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அதை யாரும் தடுக்க முடியாது."

ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் ரத்தம் சரியாக இருந்தது. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அவள் கருவியைப் பற்றிச் சொன்னதை டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கட்டும். படத்துல ஒண்ணுமே தெரியலையே. நான் எங்கன்னு கை வைக்கிறது? சில மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

வெளியே வந்ததும் அண்ணன், "உன் தங்கம் என்னை உரசிப் பாத்து மாத்துக் குறைவுன்னு சொல்லிடுச்சா?" என்றான்.

அதன்பின் பார்ப்பதைத் தவிர அவளால் ஆகக்கூடியது எதுவுமில்லை. அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் தட்டில் மிச்சமிருப்பதைப் பார்த்தாள், கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். "என்ன, போலீஸ் மாதிரி அவரையே பாக்குற?" என்று அண்ணி கேட்டாள். தான் செய்த இழைகள் எல்லாமே பழுதாக இருக்கட்டும், வேலை போனாலும் போகட்டும் என்று மனசுக்குள் மன்றாடிய நாட்களும் உண்டு.

இரண்டாவது ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. மூன்றாவதற்குத் தேதி வாங்கியிருந்தபோது அவன் முதுகுவலி என்று படுத்தான். மோட்டாரைத் தூக்கியதால் வந்தது என்றான். பிறகு கண் மஞ்சளித்தது. இந்த முறை படத்தில் கணையத்திலும் கட்டி தெரிந்தது, கல்லீரலிலும் தெரிந்தது. ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றார் அதே டாக்டர், அண்ணியைப் பார்த்து. தங்கையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"நீ சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு," என்றான் அண்ணன்.

"சரியா இருந்து என்ன புண்ணியம்?"

"எனக்கும் தெரியல. அதுக்காக நீ இளைச்சுப் போகாத. ரெண்டு நோயாளியை வெச்சுப் பாக்க உங்க அண்ணியால முடியாது."

ஆய்வுக்கூடத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே கருவி நோயைக் காட்டிக்கொடுத்தது அவன் ஒருவனுக்குத்தான். அவள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. தலைவி அருகில் வந்து, வரைபடத்தில் நோயில்லாதவர் பக்கமிருக்கும் அவள் அண்ணனின் புள்ளியை நோயாளிகள் பக்கம் மாற்ற வேண்டும், வேறு யாரையாவது செய்யச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"நானே பண்றேன் மேடம்."

மாற்றினாள். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். இருவரும் அவன் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.