ஒரு பாட்டில், இரண்டு சிக்னல்

கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டுத் தனியாக நான் எடுத்துச் செய்த முதல் வேலை அது. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஓர் ஊறுகாய் கம்பெனி. கழுவி வரும் காலி கண்ணாடி பாட்டில்களின் வாய் உடைந்திருக்கிறதா என்று கேமரா பார்த்துச் சொல்ல வேண்டும். பெல்ட் ஓரத்தில் இருக்கும் சென்சார், பாட்டில் வந்து தன் ஒளிக்கதிரை மறித்ததும் ஒரு சிக்னல் அனுப்பும். அது வந்தால்தான் கேமரா படமெடுக்கும். உடைந்தது எத்தனையாவது பாட்டில் என்று கேமரா அந்தச் சிக்னல்களை எண்ணிச் சொன்னபடிதான் ஒரு தள்ளுகோல் அதை வெளியே தள்ளும்.

நாகல் நகரில் என் வீட்டில் ஊறுகாய் நிரம்பிய பாட்டில்களை வைத்துச் சோதித்தபோது எதுவும் பிசகவில்லை.

ஓடவிட்ட முதல் நாள், நிரப்பும் இடத்தில் நின்ற அக்கா கத்தினார்.

"ஏத்தா, இங்க வந்து பாரு! வாய் ஒடஞ்சதுலயே ஊறுகாய் விழுந்துருக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தள்ளுகோல் நல்ல பாட்டிலைத் தள்ளிவிட்டு உடைந்ததை உள்ளே விட்டிருந்தது. முதலாளி பெல்ட்டை நிறுத்தினார்.

"பச்சப்புள்ளைக திங்கிற சாமான்த்தா. ஒரு சில்லு உள்ள போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"செத்த நேரம் குடுங்கண்ணே. பாத்துர்றேன்."

ஒயரை மாற்றினேன். பெல்ட் வேகத்தைக் குறைத்தேன். கேமராவைக் கழற்றி மாட்டினேன். திரையில் ஒரு படத்தில் பாட்டில் இருந்தது. அடுத்ததில் வெறும் பெல்ட். மதியச் சோறு இறங்கவில்லை. காலையிலேயே ஒரு வண்டி சரக்கு கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே நினைப்பு ஓடியது. அப்படியே பஸ் ஏறிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

வேறு வழி தெரியாமல், ஒரு காலி பாட்டிலைக் கையால் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். சென்சாரின் சின்ன விளக்கு எரிந்தது, பாட்டிலின் நடுப்பகுதி வந்ததும் அணைந்தது, மறுபடி எரிந்தது. வெறும் கண்ணாடி. இரண்டு ஓரங்கள் மட்டும் ஒளியை மறித்தன. நடுவில் ஊடுருவிப் போய்விட்டது. ஒரு பாட்டிலுக்கு இரண்டு சிக்னல். எண்ணிக்கை அங்கேதான் தப்பியிருக்கிறது. என் வீட்டில் ஊறுகாய் மறைத்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சிக்னல் வந்தபின், அந்தப் பாட்டில் கடக்கும்வரை அடுத்ததைக் கண்டுகொள்ளாதே என்று கேமராவின் புரோகிராமை மாற்றினேன். உடைந்த பாட்டில்களை நாங்களே நடுநடுவே கலந்து விட்டோம். ஒவ்வொன்றும் வெளியே விழுந்தது. அக்கா என் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"இனிமே வர்றது சரி. காலையில நெரப்புனது?" என்றார் முதலாளி.

"என்னால உறுதி சொல்ல முடியாதுண்ணே."

அவர் காலையில் நிரப்பி அடுக்கியிருந்த பாட்டில்களைப் பார்த்தார். பிறகு, "அம்புட்டையும் குழியில கொட்டுங்க" என்றார். நானும் அவர்களோடு சேர்ந்து கொட்டினேன். மிளகாய் நெடியில் எல்லாருக்கும் கண் எரிந்தது. நான் அழுததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கிளம்பும்போது முதலாளி சொன்னார்: "வெறுங் கண்ணாடியப் பாக்குற சென்சாரு இருந்தா வாங்கிட்டு வா. அதுவரைக்கும் அக்கா கேமராவுக்குப் பக்கத்துலயே நிக்கட்டும்."

"சரிண்ணே. நாளைக்கும் வாரேன்" என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.