அப்பாவின் பெயரில் அனுப்பிய எச்சில்

நான் என் அப்பாவின் பரம்பரையைத் திருடினேன். ஆம், திருடினேன்! அவருடைய எச்சில் என்று சொல்லி, என் கணவரின் எச்சிலைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் அந்த உறையை ஒட்டினேன்.

எங்கள் குடும்பப் பெயர் கொரேயா. இரத்தோட்டையில் அப்பா நடத்திய பேக்கரிக்குப் பாண் வாங்க வருகிற எல்லோருக்கும் அந்தப் பெயரின் கதை இலவசம். போர்த்துக்கீசக் கப்பித்தான் ஒருவன் படையோடு வந்தானாம், மாத்தளையில் ஒரு பெண்ணைக் கண்டு மயங்கித் தங்கிவிட்டானாம், நாங்கள் அவன் வழியாம்! அப்பாவின் கறுத்த முகத்தைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குப் பாண் கிடையாது.

அவருடைய ஒரே பிள்ளை நான். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த செல்வத்தைக் காதலித்துக் கைப்பிடித்தேன். செல்வம் தோட்டப் பாடசாலை ஆசிரியர், முருகனைக் கும்பிடுகிறவர். அப்பா என்னோடு பேசுவார், என் மகளைக் கொஞ்சுவார். ஆனால் எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டார். செல்வத்தின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்.

போர் முடியும் தறுவாயில், கனடாவிலிருந்த பெரியப்பா மகள் ஒரு சிறு பெட்டி அனுப்பினாள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால், டிஎன்ஏ பார்த்து ஆண்வழி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்களாம். கொரேயா ஆண்களில் மிஞ்சியிருந்தவர் அப்பா மட்டும்.

"கப்பித்தான் யாருன்னு இப்ப தெரிஞ்சிடும் மகள்!" என்று வாயைத் திறந்தார். வாய் நிறைய வெற்றிலைச் சாறு! குச்சி செக்கச்செவேல் என்று வெளியே வந்தது. வாய் கொப்பளிக்கச் சொன்னேன். "ஒருக்கா குடுத்தாச்சுல்ல, போ" என்று எழுந்துவிட்டார்.

பெட்டியில் மாற்றுக் குச்சி ஒன்று இருந்தது. மறுநாள் வெற்றிலை போடுமுன் அவரைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை... ஏன்? சோம்பலா? இல்லை! அந்தக் கப்பித்தானைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும் என்ற வெறி!

"வாயத் திறங்க" என்றேன் செல்வத்திடம்.

"வேணாம் ரீட்டா. மாமாவுக்குத் தெரிஞ்சா என்னையும் பாணோட சேர்த்து வேக வச்சிடுவாரு. அதோட, அவரு வம்சம்னா நீ எனக்குத் தங்கச்சி முறையாகிடுவ!" என்று சிரித்தார். ஆனாலும் திறந்தார்.

தபாலகத்துக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடிச் சிப்பாய் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெடிகுண்டு கொண்டுபோகிறவளைப்போல வியர்த்துப்போனேன்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கனடா அக்கா அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "போர்த்துக்கீசன் இல்ல சித்தப்பா. தமிழ்நாட்டுப் பக்கந்தான்."

அப்பா ரிசீவரை வைத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்... அதற்குள் வெடித்துச் சிரித்தார்!

"அப்ப நாங்களும் தோட்டத்து ஆளுங்க வந்த ஊருல இருந்துதான் வந்திருக்கோம்! இவ்வளவு காலமா யாருகிட்ட திமிர் காட்டினேன்!"

அன்று மாலையே பெரிய கேக் ஒன்றோடு எங்கள் படியேறினார். "மருமகன், ஒரு பிளேன்டீ கிடைக்குமா?" செல்வம் அவசரத்தில் பாதியைச் சிந்திவிட்டார். ஐயோ, அந்த மாலை! என் வாழ்நாளில் அத்தனை சந்தோஷம் நான் கண்டதில்லை. அதன்பிறகு ஞாயிறு மாதா கோவில் பூசை முடிந்ததும் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தைப்பொங்கலன்று பானை பொங்கியபோது செல்வத்தைவிட உரக்கக் கத்தியவர் அவர்தான்!

ஒருநாள் செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த மெசின் மட்டும் சொல்லலைன்னா, உங்கள அறியாமலே செத்திருப்பேன் மருமகன்."

செல்வம் என்னைப் பார்த்தார். நான் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

அப்பா நிறைந்த மனதோடுதான் போய்ச்சேர்ந்தார். உண்மை தெரிந்திருந்தால் அந்தக் கையை விட்டிருப்பாரா? விட்டிருக்கமாட்டார் என்கிறார் செல்வம். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்... அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேனே தவிர, கேட்கவில்லை.