பன்னிரண்டாவது குழாயைத் தேடி அவிநாசிபாளையம் வரை

ஒரே மாதத்தில் திருப்பூர் பக்கத்து மங்கலத்துக்கு மூன்று முறை போன வெளியூர்க்காரி நானாகத்தான் இருப்பேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் ஊருக்கு ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும் கோவை ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. முதல் முறை ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு பெண்கள் தாங்களே பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுத்த மாதிரிகளை வாங்கி, குழாய்களில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, செக்கிங் மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பன்னிரண்டும் மொட்டையாக நிற்கின்றன.

இங்கே வெட்டிய துணிக்கெல்லாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். செக்கிங்கில் அதை உரித்த பிறகுதான் பேக்கிங்குக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் யாரோ என் குழாய்களையும் உரித்துவிட்டார்கள். கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சோதித்ததில் ஒரு குழாயில் பதினாறாம் வகை இருந்தது. இருப்பதிலேயே ஆபத்தான வகை. "நம்ம ஆராய்ச்சிக்குப் பேர் எதுக்கும்மா?" என்றார் மேலதிகாரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? மறுபடி போனேன். பதினொரு பேர் திரும்பக் கொடுத்தார்கள், பதினொன்றிலும் எதுவும் இல்லை. மிச்சம் சொர்ணம் என்ற சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வேலையை விட்டுவிட்டாராம், கொடுத்திருந்த போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது பயணம். காந்திபுரத்தில் காலை 7.10க்கு பஸ், திருப்பூரில் 9.05. அங்கிருந்து மங்கலம் பத்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உட்கார இடமும் இல்லை.

"சொர்ணமுங்களா? அவிநாசிபாளையத்துல ஒரு கம்பெனிக்குப் போயிட்டாங்க. போன வாரமே கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க" என்றார் மேனேஜர்.

"போன வாரம்தாங்க கேட்டேன்."

"அப்படீங்களா" என்று அவர் போனை எடுத்துக்கொண்டார்.

வெளியே ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க மேடம், பல்லடம் சுத்தித்தான் போகோணுங்க. அறுநூத்தம்பது ஆகுங்க." அறுநூறுக்கு ஒத்துக்கொண்டார். வழி முழுக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி பத்து நிமிடம்.

புதுக் கம்பெனியில் டீ நேரம். சொர்ணத்தைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இது புற்றுநோய் இல்லை, வரக்கூடிய வாய்ப்பு, இப்போதே பார்த்தால் தடுத்துவிடலாம் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் டீயைக் குடிக்கவே இல்லை.

"இது புதுசா வந்த நோயா மேடம்?"

ரொம்பப் பழசு என்றேன். மனிதர்கள் ஊர் ஊராக நடந்து போன காலத்திலேயே கூட வந்தது. நம் உடம்பின் செல்களை வைத்தே தன்னைப் பிரதி எடுத்துக்கொள்வதால் பிழை அதிகம் விழாது, அதனால் மிக மெதுவாகத்தான் மாறும். அப்படி மாறாமலிருக்கும் பகுதியை வைத்துத்தான் எங்கள் சோதனை கண்டுபிடிக்கிறது.

"நான் மூணு மாசத்துல மூணு கம்பெனி மாறிட்டேன். அது அப்படியே இருக்கு, என்ன?" என்றவர், டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அன்னைக்கு அந்த ஸ்டிக்கரெல்லாம் உரிச்சது நான்தான் மேடம். கை தன்னால போயிட்டு. ஏசுவீங்கன்னு பயந்துதான் வாயத் தொறக்கல."

ஏசத்தான் வந்திருந்தேன். உரித்தவர் கையில் கிடைத்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று. ஆனால் குழாய்களோடு இருந்திருக்க வேண்டியவள் நான், சாப்பிடப் போனவளும் நான்.

இந்தப் பக்கம் இதே வேலையாக வருகிறவர்களுக்கு: மங்கலத்திலிருந்து நேர் பஸ் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஆட்டோவுக்கு அறுநூறு எடுத்து வையுங்கள். டீ நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். குழாயை விட்டு நகராதீர்கள். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், அழியாத மார்க்கர் போதும்.

திருப்பூரில் மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன், கூட வருவதாகச் சொன்னேன். உறுதிசெய்ய இன்னொரு மாதிரியும் தேவைப்பட்டது. புதுக் குழாயில் மார்க்கரால் அவர் பெயரையே எழுதிக் கொடுத்தேன். மாதிரி எடுத்து வந்த சொர்ணம், பெயரை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். அது வரவில்லை. அதற்குப் பிறகுதான் குழாயை என்னிடம் நீட்டினார்.