ஹீட்டர்காரர் வீட்டு வாளி

அந்தத் தெருவில் அவளை ஹீட்டர் வீட்டம்மா என்று சொன்னால்தான் தெரியும். கணவர் தண்ணீர் ஹீட்டர் பழுது பார்ப்பவர். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் வராமல் போனாலும், முதல் போன் அவருக்குத்தான் வரும். அவளும் சும்மா இருப்பவள் இல்லை. கடைவீதி மருந்துக்கடையில் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே பில் போடுகிறாள். அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? கடைக்கு வருகிறவர்கள்கூட மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "அப்படியே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்கம்மா, எங்க ஹீட்டர் மறுபடி படுத்துது" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஹீட்டர் எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

கீழே ஒரு நீல வாளி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதைக் கொட்ட வேண்டும், சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு மறுபடி கொட்ட வேண்டும். மறந்தால் குளியலறையின் ஓரத்து விரிசல் வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து ஒன்றும் பேசாமல் நின்று பார்த்துவிட்டுப் போவார். திட்டிவிட்டுப் போனாலாவது தேவலை என்று இருக்கும்.

கேட்டால் கணவர் அண்ணாந்து பார்ப்பார். "பாதுகாப்பு வால்வு போயிடுச்சு. அரை மணி நேர வேலை. நாளைக்கு மாத்திடறேன்."

மனிதர் வால்வு வாங்காமலும் இல்லை, அதுதான் கொடுமை. வாங்கி வந்து வாசலில் செருப்பு அலமாரி மேல் வைப்பார். விடிந்ததும் எவர் வீட்டிலிருந்தாவது போன் வரும். வால்வு விற்கும் கடை அந்நேரம் திறந்திருக்காது. கையில் இருக்கிற வால்வை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். "அவங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கு" என்பார். அடுத்ததற்கு, "பாவம், வயசானவங்க" என்பார். ஒரு தடவை அவள் வால்வைப் போர்வை மடிப்புக்குள் ஒளித்துவைத்தாள். அதையும் தேடிக் கண்டுபிடித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எடுத்துப் போனார். ஊரில் பாதிப் பேர் அவள் வீட்டு வால்வில்தான் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இன்னும் மோசம். வெளியூர் போவதற்கு முன் ஹீட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்று எந்தக் காலத்திலோ இவர்தான் எல்லோருக்கும் சொல்லிவைத்தார். ஜனங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பெட்டி கட்டும் நாளெல்லாம் இவருக்கு ஓட்டம். சாப்பிட உட்கார்ந்தால் போன், பல் தேய்த்தால் போன். நேரில் போக முடியாதவர்களுக்கு வாயாலேயே வைத்தியம். அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடம்.

"முதல்ல சொல்லுங்க, எல்லாரும் போறீங்களா, இல்ல யாராவது வீட்டுல இருக்காங்களா? எல்லாரும்னா, சுவிட்சை அணைச்சிடுங்க. ஹீட்டருக்குத் தண்ணி போற வால்வை மூடிடுங்க. அப்புறம் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணி நிக்கிற வரைக்கும் விடுங்க. அவ்வளவுதான். ஒண்ணும் ஆகாது. நிம்மதியா போயிட்டு வாங்க."

அந்த 'நிம்மதியா போயிட்டு வாங்க'வைச் சொல்லும் குரல் இருக்கிறதே, அதைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வளவு பொறுமை, அவ்வளவு கனிவு. முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுப்பார். வீட்டில் இருப்பவளுக்கு, "இதோ, நாளைக்கு."

அவளுக்குக் கிடைத்த இன்னொரு வாக்கியமும் உண்டு. "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வர்றேன்." தம்பி கல்யாணத்துக்கு அப்படிச் சொன்னவர் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மலைக்குச் சுற்றுலா போன வருஷம் அப்படிக்கூட வந்து சேரவில்லை. அவளும் மகளும் போய், காத்திருந்து, திரும்பி வந்தார்கள். அந்தப் பயணத்துப் படங்களில் எல்லாம் இரண்டே பேர். எடுத்துக் கொடுத்தவர்கள் யார் யாரோ வழிப்போக்கர்கள்.

இந்த வருஷம் அக்கா வீடு. அக்கா குடும்பம் கடற்கரை ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தது. மகள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. கணவர் தானாகவே போய் மூன்று டிக்கெட் எடுத்து வந்தபோது அவள் நம்பாமல் வாங்கிப் பார்த்தாள். மருந்துக்கடையில் லீவு கேட்டாள். முதலாளி தலையை நிமிர்த்தாமல், "இந்தத் தடவையாவது மூணு பேரும் போவீங்களாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். "போறோம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான் ஒரு வாரமாக அவளுக்குக் கவலை.

கிளம்பும் நாள் காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெட்டிகள் ஹாலில் நின்றன. மகள் எப்போதோ ஷூ மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். பஸ் நிலையத்துக்குப் போக டாக்ஸிக்குச் சொல்லியாயிற்று. கடைசி வேலையாக வாளியைக் கொட்டிவிட்டு வந்து வைத்தாள். குளியலறை வாசலில் நின்ற கணவர் வாளியையே பார்த்தார். சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அவர் முகம் மாறுவதை அவள் பார்த்தாள்.

"நாம இல்லாதப்ப இதை யாரு கொட்டுவாங்க?" என்றார்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு அந்தச் சந்தேகம் வந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "செருப்பு அலமாரி மேல வால்வு வாங்கி வெச்சீங்களே, அதை மாட்டுங்க" என்றாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "அது... நேத்து சாயங்காலம் பல் டாக்டர் வீட்டுல மாட்டிட்டேன். அவங்க குடும்பத்தோட ஊருக்குப் போறாங்க. ஒழுகற ஹீட்டரை வெச்சுட்டு எப்படிப் போவாங்க, பாவம்."

"போயிட்டாங்களா?"

"இந்நேரம் போயிருப்பாங்க."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணு பண்ணலாம். நீங்க முன்னாடி போங்க. கடை திறந்ததும் ஒரு வால்வு வாங்கி மாட்டிட்டு, நான் அடுத்த பஸ்ஸுல..."

ஹாலில் மகள் குனிந்து ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

கத்தித் தீர்த்துவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். கத்தி என்ன ஆகப்போகிறது? இந்த மனுஷரிடம் எட்டு மாதம் கத்தியாயிற்று. மனைவி குரல் அவர் காதில் ஏறாது. ஒழுகுகிற ஹீட்டரை விட்டுவிட்டு நகர அவருக்குக் கால் வராது, கையில் வால்வும் கிடையாது, ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு சும்மா அண்ணாந்து நிற்பார். இவர் காது யாருக்குத் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஹாலுக்கு வந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்து அவருடைய எண்ணை அழுத்தினாள்.

குளியலறையில் மணி அடித்தது. ஹீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சட்டைப்பையில் கையை விட்டு எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார். அதே குரல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது, அவள் காதுக்குள்ளும் கேட்டது.

"எங்க வீட்டு ஹீட்டர் சொட்டுது சார்" என்றாள் அவள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "இன்னிக்கு ஊருக்குக் கிளம்பறோம். டாக்ஸி கீழ நிக்குது. என்ன பண்ணணும்?"

வாளியில் சொட்டு விழுவது மட்டும் போனில் கேட்டது. அவர் வாசலுக்கு வந்து, என்ன விளையாட்டு இது என்று கேட்டிருக்கலாம். வரவில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டார். "எல்லாரும் போறீங்களாம்மா? இல்ல... யாராவது வீட்டுல இருக்காங்களா?"

"அதைத்தான் சார் நான் உங்ககிட்ட கேக்கறேன்" என்றாள்.

மகள் கயிற்றைப் பிடித்தபடியே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே சுவிட்ச் அணையும் சத்தம் கேட்டது. மாதக்கணக்கில் யாரும் தொடாத தண்ணீர் வால்வு கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பியது. வெந்நீர்க் குழாய் திறந்தது. தண்ணீர் கொட்டியது, மெலிந்தது, நின்றது. ஒரு சொட்டு விழுந்தது. அடுத்ததற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது விழவில்லை.

புது வால்வும் வேண்டியிருக்கவில்லை, அரை மணி நேரமும் வேண்டியிருக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னதைத் தன் வீட்டில் செய்யத் தோன்றவில்லை மனுஷருக்கு.

"எல்லாரும் போறோம்" என்றது போன்.

அவர் வெளியே வந்தார். சட்டைக் கை நனைந்திருந்தது. போன் இன்னும் காதில் இருந்தது. மகள் அவசர அவசரமாகக் கயிற்றைக் கட்டினாள். அம்மாவுக்குக் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். எட்டு மாதம் வாளி தூக்கிய கோபம் ஒரு போனில் போய்விடுமா? பெட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள். படியிறங்கும்போதும் அவள் போனை வைக்கவில்லை.

பின்னால் வந்தவர் தயங்கிக் கேட்டார். "வெச்சிடட்டுமா? வேற யாராவது கூப்பிடுவாங்க..."

"அதுக்குத்தான் வைக்க வேணாம்னு சொல்றேன்" என்றாள். "பஸ் கிளம்பினப்புறம் வைங்க."