ஆடியில் வந்த பிரான்ஸ் மாப்பிள்ளை

இல்லத்தரசி உத்தியோகத்தில் சமையல் பாதி, மீதிப் பாதி, "ஏன்?", "யார் சொன்னது?" என்று கேட்டுக் கெட்ட பெயர் வாங்குவது. நான் கான்வென்டில் படித்தபோது ஒவ்வொரு பாடம் முடிந்ததும் சிஸ்டர் "எனி டவுட்ஸ்?" என்பார். நிஜமாகவே கேட்கிறார் என்று நம்பிக் கை தூக்கிய ஒரே பெண் நான்தான். அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. என்னைப் போலவே கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற சகோதரிகளே, எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் ஒரு ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்காவது என் கஷ்டம் புரியும்.

செவுளும் கண்ணும்

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள் அஞ்சலை. அவள் கூடையை இறக்கியதும் நான் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், சிவப்பாக இருக்க வேண்டும். அதோடு விடமாட்டேன். கண்ணைப் பார்ப்பேன், பளிச்சென்று இருக்க வேண்டும். செவுள் நன்றாக இருக்கிறதே என்று கண்ணைப் பார்க்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. என் மகள் நித்யாவுக்கும் இந்தப் பாடத்தைப் பாவாடை கட்டுகிற வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கும் ஒரு சங்கராவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது பிடித்தது, ஐஸில் கிடந்ததா என்று நான் கேட்கக் கேட்க அஞ்சலைக்குப் பொறுமை போய்விட்டது. கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: "யக்கா, கொழம்புல போடுற மீனுக்கே இந்தப் பாடு படுத்துறியே! நாளைக்குப் பொண்ணுக்கு மாப்ள வரும்பாரு, அப்ப மட்டும் நீயும் ஊரோட சேந்து ஈன்னு இளிச்சுக்கிட்டு நிப்ப."

நேஷனாலிட்டி

அஞ்சலையின் வாய் முகூர்த்தமோ என்னவோ, அந்த வாரமே பக்கத்து வீட்டு கோமதி அக்கா ஒரு போட்டோவோடு வந்துவிட்டாள். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். பெரிய கார் ஒன்றில் சாய்ந்துகொண்டு ஒரு பையன், பெயர் பிரகாஷ். "நேஷனாலிட்டி இருக்கு" என்றாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் எந்த நாடு என்று யாரும் கேட்கமாட்டார்கள். தாத்தா அந்தக் காலத்து பிரெஞ்சு பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய்; கடைசிவரை பிரான்ஸ் பென்ஷன் வாங்கியவராம். ஊரே "சொல்தா வீடு" என்று மரியாதையாகச் சொல்லும் குடும்பம்.

பையன் வக்கான்ஸுக்கு, அதாவது லீவுக்கு, வந்திருக்கிறான், அது முடிவதற்குள் கல்யாணம். நித்யா காலேஜை நிறுத்திவிட வேண்டும். விசா பேப்பர் வந்து அவள் விமானம் ஏறும்வரை அவர்கள் வீட்டில் இருந்தபடி பிரெஞ்சு கற்றுக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு. நித்யா காலாப்பட்டில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதல் வருடம் முடித்திருந்தாள். லேபுக்குள் நுழைந்தால் சாப்பாட்டையே மறந்துவிடுகிற பெண். இன்னும் ஒரே ஒரு வருடம்தான் பாக்கி. "சரிக்கா, பையன் என்ன வேலை பாக்கறாரு?" என்றேன். கோமதி அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"என்ன வேலையா? ஏன்டி விஜி, அவன் பிரான்சுல இருக்கான்டி!"

ஆடி

எனக்கு ஒரே நம்பிக்கை என் மாமியார்தான். அவருக்கு ஆடி பிறந்தால் வீட்டில் ஊரடங்கு. புது விளக்குமாறுகூட வாங்கக் கூடாது. முந்தின வருடம் கிரைண்டர் ஆடி முதல் வாரத்தில் உயிரை விட்டது. ஆவணி பிறக்கட்டும் என்று என்னை ஆட்டுக்கல்லில் மாவாட்ட வைத்த புண்ணியவதி அவர். "ஏன் அத்த?" என்று கேட்டதற்கு, "அப்பிடித்தான்" என்பது பதில்.

அதனால் ரொம்ப தைரியமாகப் போய் நின்றேன். "அத்த, லீவு ஆடியோட முடியுதாம். ஆடியில எப்பிடிக் கல்யாணம் பண்றது?" என்றேன். வடகம் பிழிந்துகொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பிரான்சுல ஏதுடி ஆடி?"

ஊரே சொல்லுது

ரெண்டு நாளில் பையன் இஞ்சினியர் ஆகிவிட்டான். என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து அந்தச் சேதியோடுதான் வந்தார். "இஞ்சினியராம் விஜி. ஊரே சொல்லுது." "ஊருன்னா யாருங்க?" "ஊருன்னா... ஊருதான். நீ ஒருத்தி மட்டும் எல்லாத்துக்கும் குறுக்க நில்லு."

மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு ஊரைத் தேடிக் கிளம்பினேன். மளிகைக்கடைக்காரரைக் கேட்டால் தையல்கார அம்மா சொன்னதாகச் சொன்னார். தையல்கார அம்மா கோமதி அக்காவைக் கை காட்டினாள். கோமதி அக்காவோ, "நல்லா இருக்கே கத! உங்க வீட்லதான சொன்னாங்க?" என்று என்னையே திருப்பிப் பிடித்தாள். ஊர் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது! "அத்த, உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன். மாமியார் அசரவே இல்லை.

"யாரு சொல்லணும்? அம்மாம்பெரிய காரு பக்கத்துல நிக்கிறான், இஞ்சினியராத்தான இருப்பான்?"

பெண் பார்த்த மாலை

"பெரிய எடம். எதையாவது கேட்டு மானத்தை வாங்கிடாத" என்று என் வீட்டுக்காரர் காலையிலிருந்து ஏழெட்டு முறை சொல்லிவிட்டார். பையன் வந்தான், கூடவே அவன் "தாந்த், தாந்த்" என்று அழைக்கிற அத்தை. சாக்லேட் டப்பா ஒன்று, செண்டு பாட்டில் ஒன்று. செண்டு அப்போதே மாமியார் முந்தானைக்கு ஏறிவிட்டது. கேசரியை நல்லாயிருக்கு என்றார்கள், வெயிலைத் தாங்கலை என்றார்கள். முக்கியமானதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. எப்படியும் ஒரு பொய்யனைப் பிடித்துவிடுவது என்று நான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் நித்யா காப்பித் தட்டை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நேரே பையனைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் படிப்ப முடிச்சுட்டு வரலாங்களா?" பையன் திரும்பி அத்தையைப் பார்த்தான். அத்தை, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா" என்று சிரித்தாள். "சரிங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள் அடுத்து. "ஏர்போர்ட்டுல லக்கேஜ் ஏத்துறேன்" என்றான் பையன், கூச்சமே இல்லாமல். மாமியார் கையிலிருந்த டம்ளர் தட்டில் இடித்தது. என் வீட்டுக்காரர், "இஞ்சினியர்னு சொன்னாங்களே..." என்று இழுத்தார். அவன் முகத்தில் நிஜமான திகைப்பு.

"நான் அப்பிடி யாருகிட்டயும் சொல்லலீங்களே! போன வக்கான்ஸுக்கும் வந்து அஞ்சாறு வீடு ஏறி எறங்குனோம். இதுவரைக்கும் என்னை யாருமே கேட்டதில்லீங்க."

என் முறை

எனக்கு மனசு அப்படியே உருகிவிட்டது. என்ன நேர்மை! உழைக்கிற பையன், உள்ளதைச் சொல்கிற பையன். நித்யா பின்னாலேயே அடுப்படிக்கு ஓடினேன். "தங்கமான புள்ளடி. சரின்னு சொல்லிடு. படிப்பு எங்க போயிடும், தபால்ல முடிச்சுக்கலாம்" என்றேன். சொன்னது நானேதான், சகோதரிகளே.

நித்யா காலி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "செவுளு நல்லா இருக்குதும்மா, ஒத்துக்கறேன். கண்ண பாத்தியா நீ? படிப்பப் பத்திக் கேட்டதும் அது அத்தை பக்கம்ல போச்சு?"

அவள் நேரே கூடத்துக்குப் போய், படிப்பை முடித்த பிறகுதான் கல்யாணத்தைப் பற்றி யோசிப்பேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டாள். பையன் வருத்தமில்லாமல் கும்பிட்டான். அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆடி முடிவதற்குள் அவனுக்கு வேறு வீட்டில் கல்யாணம் ஆயிற்று. அங்கே யாராவது ஏதாவது கேட்டார்களா, எனக்குத் தெரியாது. நித்யா மறுநாள் காலை எப்போதும்போல காலாப்பட்டு பஸ்ஸைப் பிடித்தாள். அடுத்த வருடம் எம்.எஸ்ஸி. முடித்தாள், அதுவும் டிஸ்டிங்ஷனில். அன்றைக்கு மாமியார் அதே செண்டைப் போட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தார்: "எங்க வூட்டுப் பொண்ணு எதிர்ல யாரு இருந்தாலும் கேள்வி கேக்கும், தெரியுமில்ல!"

சம்பளமும் லீவும் இல்லாத இந்த உத்தியோகத்தில், என்னையே நிறுத்திக் கேள்வி கேட்க ஒருத்தியை வளர்த்துவிட்டேன் என்பதே எனக்கு சொல்தா வீட்டு பென்ஷன்.