வேரில்லாமல் வளர்த்த பூஞ்சை

1997 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. மேல்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பூசை முடிந்து வந்தால், வாசலில் என் மனைவியின் தம்பி. பக்கத்தில் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டில்கள் பதினாறு. எல்லாவற்றிலும் வெந்த சோளம், மேலே பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சை. மூன்றில் பச்சை.

செடியின் வேருக்குள் குடியிருந்து, மண்ணிலுள்ள பாஸ்பரஸ் என்ற மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. தொட்டியில் சோளம் விதைத்து அதன் வேரில் பெருக்கி, வேரோடு மண்ணையும் வயலில் போடுவார்கள். இவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏதோ பயிற்சி வகுப்பில் ஒரு பேராசிரியர், செடியே இல்லாமல் வளர்க்கலாம் என்று ஸ்லைடு காட்டிவிட்டு, சாப்பிட்டுக் காரேறிவிட்டாராம். வெட்டிய கேரட் வேரைக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வைத்து அதில் வளர்ப்பார்கள் என்று நான் படித்திருக்கிறேன். செடி போனாலும் வேர் வேண்டும். இவன் பாதி வாக்கியத்திலேயே பந்திக்கு எழுந்து போயிருக்க வேண்டும். அக்காளின் இட்லிக் கொப்பரையில் சோளத்தை அவித்து, எங்கோ வாங்கிய பூஞ்சை மண்ணை ஒரு சிட்டிகை போட்டு மூடிவிட்டான்.

உயிருள்ள வேர் இல்லாமல் அது வளராது, இது ஊசின சோற்றில் வருகிற பூசணம் என்றேன்.

“நீங்க படிச்ச காலத்துலயே நிக்கிறீக அத்தான். காளானை வைக்கோல்ல வளக்கலையா? இதுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?”

என் கவலை மிளகாய் நாற்றங்காலைப் பற்றியது. எட்டுப் பாத்தி, விதைத்துப் பதினேழு நாள். ஐப்பசி மழைக்கு முன்னே நட்டு வேர்பிடிக்க வேண்டும். இது போனால் மறுபடி விதைக்க நாள் இல்லை. ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார் என்றேன். மறுநாள் பென்ஷன் விஷயமாகச் சாக்கோட்டை போய்த் திரும்பினால், எட்டுப் பாத்தியிலும் அவித்த சோளம். அக்காளும் தம்பியுமாகத் தூவியிருக்கிறார்கள்.

“என் தம்பி எது செஞ்சாலும் உங்களுக்கு எளக்காரந்தான்” என்றாள்.

உண்மைதான்.

ஐந்தாம் நாள் எறும்பு வந்தது. ஒன்பதாம் நாள் தண்டின் அடி அழுகி, நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. அவனுக்கு ஆள் அனுப்பினேன். வந்து, சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கி, அடியில் படர்ந்திருந்த வெள்ளை நூலைக் காட்டினான். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி.

“பாத்தீகளா அத்தான், புடிச்சிருச்சு.”

அவன் அக்காள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள்.

எட்டுப் பாத்தியையும் கொத்திக் காயவிட்டேன். நாச்சியாபுரத்தில் ஒருவரிடம் மிச்சம் கிடந்த நாற்று கிடைத்தது. முற்றியது, பாதிக்கு இலைச்சுருட்டை வேறு. அதைத்தான் நட்டேன். அடுத்த தடவை சோளத்துக்குப் பதில் கம்பு போட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்ன கையோடு, அவன் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டான்.

வீணான விதை 165 ரூபாய், வாங்கிய நாற்று நாலாயிரத்துக்கு 800 ரூபாய், வேன் வாடகை 75, இவன் பஸ்ஸுக்கு ஆறரை. ஆக 1,046 ரூபாய் 50 காசு.