என் எண்ணுக்கு வந்த செய்தி

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம் தமிழ். செல்போன் வழியாக ஏழை எளியவர்களுக்கு வைத்தியம் போய்ச் சேருமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. திருவனந்தபுரத்தில் அலுவலகம், பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கள வேலை. அங்கே லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தமிழர்களிடம் மலையாளத்தில் கேள்வி கேட்டால், வயதானவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறார்களாம். அதனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்றார்கள். திருவனந்தபுரத்திலேயே கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்ட நான் போய் நின்றேன். நாற்பத்திரண்டு வயதில் முதல் வேலை. "மலைக்குப் போய் நீ என்னத்தைக் கேட்டு, அவா என்னத்தைச் சொல்லப்போறா?" என்றார் என் கணவர். அவர் வாயை அடைப்பதற்காகவே ஒழுங்காக வேலை பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுக்குக் காகிதம் கிடையாது, கையில் ஒரு தொடுதிரை டேப் கொடுத்திருந்தார்கள். அதில்தான் ஃபாரம். சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்விக்குப் பதில் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. அப்படி நட்சத்திரம் போட்ட கேள்விகளில் ஒன்று செல்போன் எண். பத்து இலக்கம் இருந்தே ஆகவேண்டும். இந்தக் கேள்வியை எழுதியவர் லயத்துக்கு ஏறி வந்திருக்கவே மாட்டார். அங்கே பாதிப் பெண்களிடம் போன் கிடையாது. இருக்கும் வீட்டிலும் அது புருஷனின் சட்டைப்பையில் இருக்கும், அல்லது மகனோடு வேறு ஊருக்குப் போயிருக்கும். "போன் இல்லை" என்று போட அந்த ஃபாரத்தில் இடமே இல்லை.

போன் இல்லாதவர்களுக்கு நான் என் எண்ணைப் போட்டேன். கள்ளத்தனம் செய்கிறோம் என்று துளியும் தோன்றவில்லை. உபகாரம் என்றே நினைத்தேன். பரிசோதனை முடிவுகள் குறுஞ்செய்தியாக என் போனுக்கு வரும். அதில் பெயர் இருக்காது, ஃபாரத்தின் வரிசை எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். வியாழக்கிழமை தோறும் மேலே போகும்போது தபால்காரி மாதிரி ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன். ஒருவருக்கு ரத்தம் குறைவு, ஒருவருக்குப் பிரஷர் கூடுதல், இன்னொருவர் இன்ன ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவர்களும் போனார்கள். எங்கள் தலைமை டாக்டர் கூட்டத்தில் என் தோட்டத்து ஃபாரங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டி, செல்போன் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பாருங்கள் என்று பாராட்டினார். மற்றவர்கள் கை தட்டினார்கள். நானும் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் கண் பரிசோதனை முகாம் போட்டோம். சர்க்கரை வியாதிக்காரர்களின் கண்ணுக்குள்ளே படம் பிடிக்கும் சின்ன காமிரா வந்திருந்தது. கொழுந்து எடை போடும் கொட்டகையில் ஒரு மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்து, ஒவ்வொருவராக உட்கார வைத்து எடுத்தோம். படம் நகரத்துக் கண் டாக்டருக்குப் போகும், அவர் பார்த்து முடிவு சொல்வார்.

வரிசையில் ஓர் அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கொழுந்து பறிப்பவர். புருஷன் தவறிவிட்டார். ஒரே மகளுக்கு நகரத்தில், கிழக்கேகோட்டையில், ஜவுளிக்கடை வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கல். என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "வாங்கோ, போங்கோ" என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டி மற்றவர்களையும் சிரிக்க வைப்பார். கையில் ஏதாவது எழுதுகிற பொருள் வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் அங்கே டீச்சர்தான். நானும் அவருக்கு டீச்சர்.

"போன் நம்பர் சொல்லுங்கோ, அக்கா."

"எங்கிட்ட ஏது டீச்சரே போனு? மோளுக்கு உண்டு. அடுப்புச் சுவத்துல கரியால எழுதி வச்சிருக்கா. ஓடிப்போயி பாத்துட்டு வரட்டா?"

அவருடைய லயம் கீழே இருந்தது. இறங்கி ஏற அரைமணி ஆகும். கடைசி பஸ் நாலரைக்கு, அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"வேண்டாம் அக்கா, என் நம்பரைப் போட்டுக்கறேன். ஏதாவது இருந்தா நானே வந்து சொல்றேன். நான் வந்து சொல்லலேன்னா ஒண்ணும் இல்லேன்னு நிம்மதியா இருங்கோ."

கடைசியாகச் சொன்னதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அப்போ செரி," என்று அவர் கறுப்புத் துணிக்குள் போனார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவருடைய செய்தி வந்தது. அன்று ஸ்ரீவராகத்தில் என் சித்தி வீட்டில் சீமந்தம். பந்தியில் பாயசம் பரிமாறிவிட்டு வந்து போனைப் பார்த்தேன். கண்ணுக்குள் ரத்தக் கசிவு இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அந்த அக்காதான். அடடா என்று இருந்தது. வியாழக்கிழமை முதல் வேலையாகச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஐப்பசித் துலாமழை கொட்டியது. மேலே கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து, பஸ் அடிவாரத்து விதுராவோடு நின்றுவிட்டது. அங்கே ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் அலுவலகத்தில், தோட்டத்துக் கணக்கு போதும், இனிமேல் கடலோரம் போங்கள் என்றார்கள். புது ஊர், புது ஆட்கள், புது நோட்டு.

தோட்டத்து ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நோயாளியின் விவரத்தை வேறு ஆளிடம் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேனே, அதனால்தான் செய்யவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். அது பொய். விதி எனக்கு ஞாபகமே வரவில்லை. அந்த அக்காவும் ஞாபகம் வரவில்லை. நான் மறந்துபோனேன். இதைச் சொல்ல வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக்கு மறுபடி பொன்முடிக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை வீடு வீடாகப் போகவேண்டும். அவர் வீட்டு வாசலில் நின்று "அக்கா" என்றேன். உள்ளேயிருந்து, "டீச்சரா? வாங்கோ, வாங்கோ" என்று அதே கேலிக் குரல் வந்தது. பிறகு அவரும் வந்தார், கையால் சுவரைத் தடவிக்கொண்டு. என் முகம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நோட்டில் அவர் பெயர் இருந்த பக்கம்கூட.

இடது கண் சுத்தமாகப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், பக்கத்தில் வந்தால் ஆள் தெரியும். கொழுந்து பறிக்கப் போவதில்லை. மகள் கடை வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். அவள்தான் எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"எப்படி அக்கா இப்படி?"

"தை மாசத்துல புகை போல மறைக்கத் தொடங்குச்சு. இவ அப்பவே ஆசுபத்திரிக்குப் போவோம், போவோம்னு நச்சரிச்சு ஒரே சல்யம். நான்தான் சொன்னேன், அதான் மிஷின்ல போட்டோ எடுத்தாச்சுல்ல, கொழப்பம் இருந்தா டீச்சர் வந்து சொல்லியிருக்கும்னு. நீங்க வரலைன்ன உடனே எனக்கு சமாதானம் ஆயிப்போச்சு."

நான் செய்தியைச் சொல்லாமல் விட்டது ஒரு தப்பு. ஆனால் முகாமில் நான் ஒன்றுமே சொல்லாதவளாக இருந்திருந்தால், மகள் சொன்னதைக் கேட்டு அவர் தை மாதத்திலேயே போயிருப்பார். அவரைப் போகவிடாமல் பிடித்து வைத்தது என் வாய்.

என்ன செய்வதென்று தெரியாமல் டேப்பைத் திறந்தேன். செய்தி கிடைத்ததா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. சென்று சேர்ந்தது என்று தானே பச்சையில் போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்கு வந்து நின்றது. செய்தி கிடைத்தும் மருத்துவமனைக்குப் போகாததற்குக் காரணம் என்ன? தூரம். செலவு. பயம். அலட்சியம். நான்கில் ஒன்றைத் தொடவேண்டும். அதற்கும் சிவப்பு நட்சத்திரம்.

டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தேன். "அக்கா, உங்களுக்குச் செய்தி வந்தது. ஐப்பசியிலேயே வந்தது. என் போனுக்கு. நான் பார்த்தேன். வந்து சொல்லாம மறந்துட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அழுகை வந்தது, அதுவும் பிடிக்கவில்லை. அழவேண்டியவள் நானா?

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே, "இந்தா சுவத்துல இருக்கு என் நம்பரு. இன்னிவரை நான் அத மாத்தல," என்றாள். கரியெழுத்து நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பத்து இலக்கமும் தெளிவாக இருந்தது.

மிச்சமிருக்கிற கண்ணையாவது பார்க்கவேண்டும் என்று நான்தான் கெஞ்சினேன். இரண்டு நாள் கழித்து மகள் அவரை பஸ்ஸில் கூட்டிவந்தாள். கண் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து அழைத்துப் போனேன். அக்கா ஒரு கையால் மகளையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு நடந்தார். டாக்டர் இளவயசுக்காரர். வெளியே நீளமான வரிசை. அவர் இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். இடது கண் போனது போனதுதான், வலது கண்ணில் இருப்பதை லேசர் போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்லமுடியாது என்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இரண்டு கண்ணுமே தப்பியிருக்கும், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மலையாளத்தில் கடிந்துகொண்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள். சொல்ல வாயெடுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வாயெடுக்கவில்லை. என் கழுத்தில் ஆராய்ச்சி நிலையத்தின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

என் கையைப் பிடித்திருந்த பிடியை அக்கா இறுக்கினார். "பேடிச்சுப் போச்சு, டாக்டரே. ஆசுபத்திரின்னா எனக்குப் பயம்," என்றார்.

டாக்டர் என் அட்டையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தான் இவர்களுக்கெல்லாம் சொல்லிப் புரியவைக்க வேண்டும்," என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்து மகள் மருந்து வாங்கப் போனபோது, ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எங்க லயத்துக்கு ஏறி வாறது நீங்க ஒரு ஆளுதானே. உங்களையும் வேலையில இருந்து நிறுத்திட்டா, பின்ன யாரு வருவா?" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் திரும்பி வந்து, என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தலைமை டாக்டரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கரமனை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து டேப்பைத் திறந்தேன். அந்தக் கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்தது. தூரம், செலவு, பயம், அலட்சியம். பயம் என்பதைத் தொட்டேன். யாருடைய பயம் என்று அது கேட்கவில்லை.